இருநூற்றுப் பதினான்கு கிலோ

மார்ச் 3, செவ்வாய்

ஒரு வீடு ஓர் ஆண்டில் எவ்வளவு அழுக்காகும்? எனக்குத் தெரியாது.

இருபத்திரண்டு வருடமாகக் கடைத் தராசுகளைச் சரிபார்த்து முத்திரையிடும் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எந்தத் தராசு எத்தனை கிராம் பொய் சொல்கிறது என்று கேட்டால் சொல்வேன். என் வீட்டில் மாதம் எத்தனை சோப்பு கரைகிறது என்று கேட்டால் விழிப்பேன்.

இந்தக் கேள்வி வந்ததே இரண்டு காகிதங்களால். ஒன்று, அலுவலகச் சுற்றறிக்கை: நாற்பத்தெட்டு வயதைத் தாண்டியவர்கள் விரும்பினால் காலை மட்டும் வேலைக்கு வரலாம், பாதிச் சம்பளம். விண்ணப்பிக்கக் கடைசி நாள் மே 29. இன்னொன்று பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கடிதம்: பகுதிநேர ஆய்வுக்கு இடம் இருக்கிறது, மதியம் ஆய்வகத்துக்கு வர வேண்டும், அதே மே 29க்குள் சம்மதம் சொல்ல வேண்டும். குலுக்கும்போது தூள்கள் எப்படிப் படிகின்றன என்பது பற்றி இருபத்தைந்து வருடம் முன்பு ஆரம்பித்து, மகள் பிறந்ததும் விட்ட ஆய்வு. மனு போட்டதை யாரிடமும் சொல்லவில்லை. கிடைக்காது என்று நினைத்தேன்.

கணவரிடம் இரண்டு காகிதத்தையும் கொடுத்தேன். கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைப்பவர். எதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத்தான் பார்ப்பார். இவற்றையும் அப்படியே பார்த்தார்.

“போ. பாத்துக்கலாம்.”

பாத்துக்கலாம் என்பது ஓர் எண் அல்ல. மகளுக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு பாக்கி. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: கடைச் செலவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால், கையிருப்பைக் கொஞ்சம் தொட்டுக்கொண்டு சமாளிக்கலாம். இருபது சதவீதம். அதற்கு ஒரு சதவீதம் குறைந்தாலும் போகமாட்டேன். இது நானே எனக்கு வைத்துக்கொண்ட நிபந்தனை.

அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி வீட்டுச் சாமான்களை ஆன்லைனில் மொத்தமாக வாங்கிப் பாதிக்குப் பாதி மிச்சம் பிடிப்பதாகச் சொல்கிறாள். பாதிக்குப் பாதி என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் கால்வாசி உண்மையாக இருந்தால்?


மார்ச் 4, புதன்

பாத்திரம் கழுவும் திரவக் குப்பி, காலை 612 கிராம். இரவு 581.


மார்ச் 9, திங்கள்

சமையலறையில் தராசு வைத்திருக்கிறேன். எண்ணெய், மாவு, பருப்பு, சலவைத்தூள், பற்பசை — எல்லாவற்றுக்கும் தினமும் எடை. கணவர் பல் துலக்கிவிட்டு வந்து பற்பசைக் குழாயை என்னிடம் இரண்டு கையாலும் நீட்டினார்.

“ஆபீசர் மேடம், முத்திரை போடுங்க.”

சிரிக்காமல் வாங்கி எடை போட்டேன். அவர் போன பிறகு சிரித்தேன்.

மாலை மகள் விடுதியிலிருந்து போனில் பேசினாள். அப்பா சொல்லிவிட்டார் போலிருக்கிறது.

“அம்மா, நீயா ஆன்லைன்ல வாங்கப் போற? ஒரு ஜோடி செருப்பு வாங்க மூணு கடை ஏறி இறங்குவியே.”

“இன்னும் வாங்கல. பாத்துட்டிருக்கேன்.”

“அந்தக் கடைக்காரன் பாவம்மா.”


மார்ச் 15, ஞாயிறு

ஆறு இணையக் கடைகளை அலசினேன். பெரிய பொட்டலம் என்றால் மலிவு என்று நினைப்பது நம் பழக்கம்; அதை அவர்களும் தெரிந்து வைத்திருக்கிறார்கள். ஒரு கடையில் ஐந்து கிலோ சலவைத்தூள், ஒரு கிலோ பொட்டலம் ஐந்தைவிட விலை அதிகம். மேலே சிவப்பு எழுத்தில் ‘குடும்பச் சேமிப்பு’. இன்னொன்றில் ‘கூடுதல் 25%’ என்று போட்டிருந்த குப்பியின் அளவு, போன வருடம் சாதாரணக் குப்பியில் இருந்த அதே அளவு. என்னிடம் பழைய குப்பி இருக்கிறது. பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

நான்கு கடைகளை அடித்துவிட்டேன். இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை போனதே தெரியாமல் போய் எத்தனை காலமாயிற்று.


மார்ச் 22, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்.

விடுதிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் சாமான் அனுப்பும் ஒரு மொத்தக் கடை. படம் இல்லை, சலுகை இல்லை, கண் சிமிட்டும் கடிகாரம் இல்லை. நீளமான ஒரு பட்டியல், ஒவ்வொரு வரியிலும் கிராமுக்கு என்ன விலை என்று அவர்களே போட்டிருக்கிறார்கள். இப்படி ஒரு பட்டியலைப் பார்த்து மனம் பொங்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். தனி வீடுகளுக்கும் கொடுப்பார்களாம், பெட்டி பெட்டியாக வாங்கினால்.

கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“இதுல உனக்கு என்ன இவ்ளோ சந்தோஷம்?”

“ஏமாத்தலீங்க.”

“அவ்ளோதானா?”

“அது போதாதா?”

சோதிக்க ஒரே ஒரு பெட்டி சோப்பு வாங்கினேன். எழுபத்திரண்டு கட்டி.


மார்ச் 27, வெள்ளி

சோப்பு வந்தது. எழுபத்திரண்டையும் எடை போட்டேன். ஒன்றுகூடக் குறையவில்லை. மூன்று கட்டிகள் இரண்டு கிராம் அதிகம்.


மார்ச் 31, செவ்வாய்

நான்கு வார எடைகளும் முடிந்தன. அழுக்குக்கு இப்போது எண் இருக்கிறது.

மொத்தக் கடையில் வாங்கக்கூடியவை எங்கள் கடைச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு. அவற்றின் விலை சராசரியாக முப்பத்தொரு சதவீதம் குறைவு. ஆக, மொத்தச் செலவில் மிச்சம் இருபது புள்ளி ஆறு. நான் வைத்த கோட்டைத் தாண்டி அரை விரற்கடை. மூன்று முறை போட்டுப் பார்த்தேன். ஒரு முறை கால்குலேட்டர் இல்லாமல்.

ஒரு வருடத்துக்கு வேண்டியதைப் பட்டியல் போட்டேன். எண்ணெய், மாவு, பருப்பு, தூள், திரவம், பற்பசை, கழிவறைத்தாள், குப்பைப் பை. ஒவ்வொரு வரியையும் சரிபார்த்தேன். இந்தப் பட்டியலில் ஒரு தப்புக் கண்டுபிடிப்பவருக்கு என் ஒரு மாதச் சம்பளம் தருவேன்.

ஆர்டர் பொத்தானை அழுத்திவிட்டேன். பரீட்சை மண்டபத்தில் விடைத்தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்த மாதிரி இருந்தது.


ஏப்ரல் 1, புதன்

ரத்து செய்துவிடலாமா என்று இரண்டு முறை உள்ளே போய்ப் பார்த்தேன். செய்யவில்லை.


ஏப்ரல் 9, வியாழன்

எழுதவே கூச்சமாக இருக்கிறது. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

மதியம் அலுவலகத்தில் இருக்கும்போது போன். “மேடம், சாமான் வந்திருக்கு. கீழ வாங்க.” அனுமதி வாங்கிக்கொண்டு ஓடினேன். எங்கள் கட்டடத்தின் முன்னால் லாரி நின்றது. டிரைவர் பெட்டிகளை இறக்கி நடைபாதையில் அடுக்கிக்கொண்டிருந்தார். இடம் போதாமல் கீழ்வீட்டுத் தையல் கடை வாசலில் ஒரு சுவரே எழுப்பிவிட்டார்.

“மூணாவது மாடிங்க,” என்றேன்.

“ரோடு வரைக்கும்தான் மேடம் எங்க வேலை. பில்லுல போட்டிருக்கே.” கையெழுத்துக்குத் தாளை நீட்டினார். அதன் அடியில் மொத்த எடை: 214 கிலோ.

லிஃப்ட் கிடையாது. ஐம்பத்தேழு படி.

கிராம் கிராமாக எல்லாவற்றையும் கணக்குப் பார்த்தேன். கூட்டிப் பார்க்கவில்லை. எடை போடுவதையே பிழைப்பாக வைத்திருக்கும் ஒருத்தி — அந்த ஒரு கூட்டலை மட்டும் போடவில்லை. ஒரு மாதச் சம்பளத்தை நானே எனக்குக் கொடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பெட்டிச் சுவருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “யாருங்க அது? என்னை உள்ள வச்சுப் பூட்டுறது?”

தையல்காரம்மா. பதினோரு வருடமாக ஒரே கட்டடம். தலையசைப்பதைத் தாண்டி நான் பேசியதில்லை. அவரே இரண்டு பெட்டியைத் தள்ளி, நடுவில் முகத்தை நீட்டினார்.

“ஓ, மேல்வீட்டு மேடமா? என்ன மேடம், ஓட்டல் ஏதும் வைக்கப் போறீங்களா?”

“இல்லங்க. வீட்டுக்குத்தான்.”

“ரெண்டே பேருக்கா?” அங்கேயே நின்று என்னையும் பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். “சரிதான். உலகம் அழியுதுன்னா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

பிறகு அளவு நாடாவைக் கழுத்திலிருந்து கழற்றி வைத்துவிட்டு, ஒரு பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படியேற ஆரம்பித்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுக்கும் முன் முதல் மாடியில் இருந்தார். இரண்டாம் மாடி நர்ஸ் வேலை முடிந்து வந்தவர், பையைக் கீழே போட்டுவிட்டு எண்ணெய்ப் பெட்டியின் மறுமுனையைப் பிடித்தார். கணவர் கடையிலிருந்து வந்து நாலு நடை நடந்தார். ஐந்தாவது நடையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

“இதையும் எடை போட்டியா?” என்றார், முழங்காலைக் காட்டி.

ஒன்றரை மணி நேரம். கடைசிப் பெட்டியை வைத்துவிட்டு நால்வரும் எங்கள் கூடத்துத் தரையில் உட்கார்ந்து டீ குடித்தோம். நாற்காலிகள் பெட்டிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தன. தையல்காரம்மா ஒரு குப்பியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது என்ன விலைக்கு வந்துச்சு?”

சொன்னேன்.

டீயைக் கீழே வைத்துவிட்டார்.


ஏப்ரல் 10, வெள்ளி

இடுப்பு, தொடை, தோள். கூடத்தில் குறுக்காகத்தான் நடக்க முடிகிறது. ஆனாலும் காலையில் எழுந்ததும் போய்ப் பெட்டிகளைப் பார்த்தேன்.


ஏப்ரல் 12, ஞாயிறு

தையல்காரம்மா ஒரு நோட்டோடு வந்தார். கட்டடத்தில் பத்து வீடு. எட்டு வீட்டின் பெயர் அதில் இருந்தது. யாருக்கு என்ன வேண்டும் என்று அவரே கேட்டு எழுதியிருக்கிறார்.

“நான் பேசிட்டேன் மேடம். நீங்க பேச மாட்டீங்கன்னு தெரியும். நீங்க கம்ப்யூட்டர்ல தட்டுங்க, நான் வாயால தட்டுறேன்.”

பட்டியலை உள்ளிட்டேன். எட்டு வீடு சேர்ந்ததும் மொத்தக் கடையின் அடுத்த விலைப்படி திறந்துகொண்டது. இன்னும் ஆறு சதவீதம் குறைவு. அப்படி ஒரு படி இருப்பதே எனக்குத் தெரியாது. எங்கள் பட்டியலையும் அதிலேயே சேர்த்து, எங்களிடம் இருப்பதில் பாதியை அடக்க விலைக்கு நாலு வீட்டுக்குக் கொடுத்தேன்.

“மேல கொஞ்சம் வச்சுக்கங்க மேடம். உங்க மெனக்கெடலுக்கு,” என்றார் தையல்காரம்மா.

“கூடாதுங்க. தராசுக்கு முத்திரை போடுறவ வியாபாரம் பண்ணக் கூடாதுன்னு விதி.”

“வியாபாரமா? எட்டணா ரெண்டணா.”

“அதுவும் கூடாது.”

“நல்லா வாச்சீங்க,” என்றார். திட்டு மாதிரி இல்லை.


ஏப்ரல் 26, ஞாயிறு

சாமான் வந்தது. இந்த முறை மொத்த எடையை முன்பே கூட்டியிருந்தேன்: 530 கிலோ. வீட்டுக்கு ஒருவர் கீழே வர வேண்டும் என்று தையல்காரம்மா உத்தரவு. எட்டு வீட்டாரும் படிகளில் வரிசையாக நின்று பெட்டிகளைக் கைமாற்றினார்கள். யாரும் ஏழு படிக்கு மேல் ஏறவில்லை. இருபத்தைந்து நிமிடம்.

பிறகு தையல் கடைக்குள் என் தராசை வைத்துப் பிரித்துக் கொடுத்தேன். முதல் மாடிப் பெரியவர் ஒருவர் தன் பருப்பை மறுபடி எடை போடச் சொன்னார். போட்டேன். மறுபடியும் சொன்னார். “தாத்தா, அவங்க கவர்ன்மெண்ட்டே,” என்றார் நர்ஸ். அவர் நம்பவில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

இப்போதைய கணக்கு: மிச்சம் இருபத்துநான்குக்கு மேல். கோட்டை எங்கோ தாண்டிவிட்டது. அரைநேர விண்ணப்பத்தை நிரப்பினேன். தேதியும் கையெழுத்தும் மட்டும் பாக்கி. இரண்டு மாதம் ஆகட்டும், மே மாத எடைகளையும் பார்த்துவிட்டுத்தான்.

பழைய ஆய்வு நோட்டுகளை அலமாரியிலிருந்து எடுத்தேன். கையெழுத்து என்னுடையதுதானா என்று சந்தேகமாக இருந்தது. நல்ல கேள்விகளாகத்தான் கேட்டிருக்கிறேன்.


மே 10, ஞாயிறு

ஏதோ சரியில்லை. திரவக் குப்பி நாளைக்கு முப்பத்தொரு கிராம் இறங்க வேண்டும். நாற்பதுக்கு மேல் இறங்குகிறது. தராசைச் சோதித்தேன். தராசு சரி.


மே 11, திங்கள்

இரவு சாப்பிட்ட பிறகு அவர் பாத்திரம் கழுவுவதைப் பின்னால் நின்று பார்த்தேன். செடிக்கு ஊற்றுவது போல் ஊற்றுகிறார்.


மே 13, புதன்

“இவ்ளோ இருக்கேன்னு ஒரு தைரியம்,” என்கிறார். “முன்னாடியெல்லாம் தீர்ந்துடுமேன்னு சொட்டுச் சொட்டா விடுவேன்.”

அவரைக் குறை சொல்ல முடியாது. சலவைத்தூள் கணக்கைப் பார்த்தேன். அது என் கை. திரைச்சீலைகளை இந்த மாதம் மூன்று முறை துவைத்திருக்கிறேன். எதற்கு? பெட்டி திறந்திருந்தது, அதற்கு.


மே 24, ஞாயிறு

கணக்கு முடிந்தது. விலை குறைந்தது உண்மை. செலவாகும் அளவு பதினெட்டு சதவீதம் கூடியதும் உண்மை. இரண்டையும் சேர்த்தால் மிச்சம் பதினேழு.

இருபது இல்லை. பதினேழு.

அவரிடம் சொன்னேன். “பதினேழும் நல்ல நம்பர்தான்,” என்றார்.

“இல்லீங்க. இருபதுன்னு எழுதி வச்சேன். பதினேழு வந்ததும் பதினேழு போதும்னு சொன்னா, அப்புறம் எதுக்கு எடை போட்டேன்? கடைக்காரன் இப்படிச் சொன்னா நான் விடுவேனா? மூணு குறைஞ்சா குறைஞ்சதுதான்.”

குரல் உயர்ந்துவிட்டது. அவர் எழுந்து கீழே போனார். தையல் கடையில் பேச்சுக் குரல் கேட்டது. என்னைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கிறார்களோ? சிரிக்கட்டும்.

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது? மார்ச் மாதத்துக்கு முன்னால் இது இல்லாமலே இருபது வருடத்துக்கு மேல் இருந்தேனே.


மே 28, வியாழன்

பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டேன். ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக’ என்று ஆரம்பித்து, அடித்து, ‘எதிர்பார்த்த ஏற்பாடு அமையாததால்’ என்று மாற்றினேன். அதுதான் சரியான காரணம். பையில் வைத்திருக்கிறேன். நாளை அலுவலகம் போகும் வழியில் கொடுத்துவிட வேண்டும். அரைநேர விண்ணப்பம் மேசை இழுப்பறையில் அலுவலகத்திலேயே இருக்கிறது. அதைக் கிழித்துப் போட்டால் முடிந்தது.


மே 29, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஆறரைக்குப் படியில் சத்தம். கதவைத் திறந்தேன். அவர் எண்ணெய்ப் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பக்கவாட்டில் இறங்கிக்கொண்டிருந்தார். கூடம் பாதி காலியாகியிருந்தது.

“என்ன பண்றீங்க?”

“கண்ணுக்கு முன்னாடி இருந்தா கை சும்மா இருக்க மாட்டேங்குது. தையல்காரம்மா கடையில பரண் காலியா இருக்காம். எல்லாம் அங்க. ஒண்ணாம் தேதி ஒரு மாசத்துக்கு மட்டும் எடுத்துக் குடுப்பாங்க. சாவி அவங்ககிட்ட.”

“எப்பப் பேசினீங்க?”

“நீ கத்தின அன்னைக்கு.”

பின்னாலேயே இரண்டு படி இறங்கினேன்.

“மூணுதானே குறையுது,” என்றார், மூச்சு வாங்கிக்கொண்டு. “அந்த மூணை என் கையிலேர்ந்து எடுத்துக்கோ.”

“ஒரு மாசமாவது எடை போட்டுப் பாத்தாத்தான் அது மூணா ரெண்டான்னு தெரியும்.”

“இன்னைக்குத்தானே கடைசி நாளு?”

“ஆமா.”

“அப்ப எடை அப்புறம் போடு. இப்பப் பெட்டியைப் பிடி. முழங்கால் போகுது.”

பிடித்தேன். ஒன்பது நடை. கடைசி நடையில் இருவரும் சிரித்துக்கொண்டே இறங்கினோம். எதற்கென்று கேட்டால் தெரியாது.

பல்கலைக்கழகத்தில் கொடுக்கக் கொண்டுபோன கடிதத்தைக் கொடுக்கவில்லை. வரவேற்பறையில் ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, சம்மதம் என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். அலுவலகத்தில் அரைநேர விண்ணப்பத்தில் தேதி போட்டு, கையெழுத்திட்டு, மேலதிகாரியிடம் நீட்டினேன். அவர் என்னையும் தாளையும் பார்த்தார்.

“நல்லா யோசிச்சுட்டீங்களா?”

“யோசிச்சேன் சார். கணக்கு மூணு குறையுது.”

அவருக்குப் புரியவில்லை. முத்திரை குத்தி உள்ளே அனுப்பினார்.

மாலை வீட்டுக்கு வந்து மகளிடம் போனில் சொன்னேன். “அம்மா, நாம ரெண்டு பேருமே ஸ்டூடண்ட்டா?” என்றாள். ஆமாம் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

பாத்திரம் கழுவப் போனால் திரவக் குப்பியில் அடிமட்டம். கீழே போனேன். தையல்காரம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

“ஒரு குப்பி எடுத்துக் குடுங்க.”

“ஒண்ணாம் தேதிக்கு இன்னும் மூணு நாள் இருக்கு மேடம்.”

“நான்தாங்க வாங்கினதே.”

“யார் கேட்டாலும் குடுக்கக் கூடாதுன்னு சார் சொல்லியிருக்காரு.” நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். “உங்க பேரைத்தான் முதல்ல சொன்னாரு.”

மேலே வந்து குப்பியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கினேன். நுரை வந்தது. இரவுப் பாத்திரங்களுக்குப் போதுமானதாக இருந்தது.